மிச்சத்தை மட்டும் பெருக்குங்கள்

வெளிநாட்டு வேலை குறித்து நம் வீடுகளில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஒரு பெருக்கல் கணக்கில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. ‘சிங்கப்பூரில் மாதம் 6,500 டாலர், ஒரு டாலர் 65 ரூபாய் என்றால் நான்கு லட்சத்து 22 ஆயிரத்து 500 ரூபாய்.’ சென்னையில் ஒரு லட்சம் வாங்குகிறவரின் செவிக்கு இதைவிட இனிய செய்தி இருக்க முடியாது. அந்த ஒரு வரியை நம்பி வேலையை விட்டவர்களும், நிலத்தை அடகு வைத்தவர்களும், பிள்ளையின் படிப்பை நடுவில் நிறுத்தி இடம் மாற்றியவர்களும் உண்டு. கூட்டலும் கழித்தலும் முடிந்த பிறகே பெருக்கல் வர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. இரு நாடுகளின் வாழ்க்கைச் செலவை ஒப்பிட எண்ணுவோர் எந்தெந்தக் கூறுகளைக் கவனிக்க வேண்டும் என்பதைச் சென்னையையும் சிங்கப்பூரையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்க முயல்கிறேன். சிங்கப்பூர்த் தமிழர் தம் டாலரை ‘வெள்ளி’ என்பர். நானும் அவ்வாறே குறிப்பிடுகிறேன். நாணய மதிப்பு நாள்தோறும் மாறும் என்பதால், கணக்கு வசதிக்காக ஒரு வெள்ளிக்கு 65 ரூபாய் எனக் கொள்கிறேன்.

மாற்று விகிதம் மறைப்பது

நாணய மாற்று விகிதம் என்பது ஒரு நாட்டின் பணத்தைக் கொடுத்து மற்றொரு நாட்டின் பணத்தை வாங்கும் விலை. அந்தப் பணத்தால் அரிசியும் வாடகை வீடும் எவ்வளவு கிடைக்கும் என்பதை அது சொல்லாது. இந்த வேறுபாட்டைக் குறிக்கும் ‘வாங்கும் திறன் சமநிலை’ என்னும் சொல்லை ஸ்வீடன் நாட்டுப் பொருளியலாளர் குஸ்தாவ் காஸல் 1918இல் வழக்குக்குக் கொண்டுவந்தார். இதை அளப்பதற்காகவே 1968இல் ‘பன்னாட்டு ஒப்பீட்டுத் திட்டம்’ தொடங்கப்பட்டது. இன்று உலக வங்கி அதை ஒருங்கிணைக்கிறது. அத்திட்டத்தின் 2017ஆம் ஆண்டுக் கணக்கின்படி, அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைக்கும் பொருளையும் சேவையையும் இந்தியாவில் சராசரியாக 20 ரூபாய் 65 காசுக்கு வாங்கலாம். அதே ஆண்டில் சந்தையில் ஒரு டாலரின் விலை 65 ரூபாய் 12 காசு. அதாவது, சந்தை விகிதத்தைக் கொண்டு கணக்கிட்டால் இந்தியாவில் இருக்கும் ரூபாயின் உண்மையான வலிமை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கித் தெரியும்.

இதற்குக் காரணம் என்ன? கைப்பேசி, மடிக்கணினி, தங்கம் போன்றவை நாடு விட்டு நாடு விற்கப்படுபவை. வரியை நீக்கிப் பார்த்தால் அவற்றின் விலை எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். முடிதிருத்தம், வீட்டுவேலை, குழாய் பழுதுபார்த்தல், குழந்தைப் பராமரிப்பு ஆகியவற்றைக் கப்பலில் ஏற்றி அனுப்ப முடியாது. அவற்றின் விலையை அந்தந்த நாட்டின் கூலியே தீர்மானிக்கிறது. சிங்கப்பூரின் முடிதிருத்துநர் சென்னையில் இருப்பவரைவிடப் பன்மடங்கு விரைவாகக் கத்தரி பிடிப்பதில்லை. ஆனால், அந்நாட்டின் துறைமுகமும் வங்கிகளும் மின்னணுத் தொழிற்சாலைகளும் கொடுக்கும் கூலிக்கு ஈடாக அவருக்கும் கிடைக்காவிட்டால் அவர் அந்தத் தொழிலில் நிற்கமாட்டார். பேலா பலாஸா, பால் சாமுவேல்சன் என்னும் இரு பொருளியலாளர் 1964இல் தனித்தனியே இதை விளக்கினர். செல்வ நாடுகளில் சேவைகள் விலை கூடியவையாக இருப்பதன் அடிப்படை இதுவே.

ஆகவே, உங்கள் குடும்பத்தின் செலவில் பொருள்கள் மிகுதியா, பிறர் உழைப்பு மிகுதியா என்பது முதற்கேள்வி. சென்னையில் நடுத்தரக் குடும்பம் சில ஆயிரம் ரூபாய்க்கு வீட்டுவேலைக்கு ஆள் வைத்துக்கொள்கிறது. சிங்கப்பூரில் வெளிநாட்டு இல்லப் பணிப்பெண்ணை அமர்த்தினால் சம்பளம், உணவு, காப்புறுதி நீங்கலாக அரசுக்கு மட்டும் மாதம் 300 வெள்ளி தீர்வை கட்ட வேண்டும். சிறு குழந்தையோ முதியவரோ உள்ள தகுதிபெற்ற குடிமக்கள் குடும்பத்துக்கு மட்டும் அது 60 வெள்ளி.

ஒரே தெரு, வேறு வேறு விலை

சென்னையிலிருந்து செல்வோர் பெரிதும் கவனிக்கத் தவறும் கூறு ஒன்று உண்டு. சிங்கப்பூரில் பல அடிப்படைச் சேவைகளின் விலை, நீங்கள் யார் என்பதைப் பொறுத்தது. குடிமகன், நிரந்தரவாசி, வேலை அனுமதியில் இருப்பவர் என்னும் தகுதிநிலைக்கு ஏற்ப ஒரே சேவைக்கு வேறு வேறு கட்டணம்.

பள்ளியை எடுத்துக்கொள்வோம். அரசுத் தொடக்கப்பள்ளியில் குடிமகனின் பிள்ளைக்குக் கல்விக் கட்டணம் இல்லை. இதர கட்டணமாக மாதம் அதிகபட்சம் 13 வெள்ளி. இந்தியா போன்ற, ஆசியான் கூட்டமைப்பில் இல்லாத நாடுகளின் பிள்ளைக்கு அதே வகுப்பறையில் மாதக் கட்டணம் ஆயிரம் வெள்ளியை ஒட்டி நிற்கிறது. அதுவும் இடம் கிடைத்தால்தான். கிடைக்காதவர்கள் தனியார் பன்னாட்டுப் பள்ளிகளை நாடுகின்றனர். அங்கே செலவு இன்னும் கூடும்.

வீடும் அப்படியே. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் தொடங்கப்பட்டது. இன்று அந்நாட்டுக் குடிமக்கள், நிரந்தரவாசிகளில் ஐந்தில் ஏறத்தாழ நான்கு பேர் அதன் அடுக்குமாடிகளில் வாழ்கின்றனர். பெரும்பாலோர் மானிய விலையில் வாங்கிய சொந்த வீட்டுக்கு மத்திய சேம நிதியிலிருந்து தவணை கட்டுகின்றனர். புதிதாகச் செல்பவர் அதே கட்டடத்தில் சந்தை வாடகைக்குக் குடியேறுகிறார். இரண்டு படுக்கையறையும் கூடமும் கொண்ட, அங்கே ‘மூவறை வீடு’ எனப்படும் வீட்டுக்கு 2,500 முதல் 3,000 வெள்ளி. ஒரே ஓர் அறைக்கு ஆயிரம் வெள்ளியை ஒட்டி. எதிர்வீட்டுக்காரரின் மாதக் கணக்கைக் கேட்டு உங்கள் செலவை மதிப்பிடுவது இதனால்தான் பயன்படாது.

குடும்பத்தை உடன் அழைத்துச் செல்வதற்கும் ஓர் எல்லைக்கோடு உண்டு. மனைவி, பிள்ளைகளுக்குச் சார்ந்தோர் அனுமதி பெற வேண்டுமானால் நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும். இடைநிலைத் திறனாளர்களுக்கான ‘எஸ் பாஸ்’ அனுமதிக்குரிய குறைந்தபட்சச் சம்பளம் 2025 செப்டம்பர் முதல் 3,300 வெள்ளி. இடைப்பட்ட சம்பளத்தில் செல்வோர் யாவரும், கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கும் தொழிலாளரும், தனியே வாழ வேண்டியவர்கள். சார்ந்தோர் அனுமதியில் செல்லும் துணைவரும் 2021 மே மாதத்திலிருந்து தமக்கெனத் தனி வேலை அனுமதி பெற்றால்தான் பணியாற்ற முடியும். ‘அங்கே போனதும் இருவரும் சம்பாதிக்கலாம்’ என்னும் கணக்கில் இரண்டாவது சம்பளத்தை உறுதியானதாக எழுதிவிடக் கூடாது.

ஒரு சம்பளம், மூன்று கணக்குகள்

இனி எண்களைப் பார்ப்போம். கீழே வருபவை புள்ளிவிவரங்கள் அல்ல. இரு நகரங்களிலும் இன்று நிலவும் விலைகளை ஒட்டி நான் போட்ட மாதிரிக் கணக்கு. உங்கள் எண்களை அவரவர் மாற்றி எழுதிக்கொள்ளலாம்.

முதலில் சென்னை. தம்பதி, இரு பிள்ளைகள். அவர்களில் ஒருவர் பள்ளி செல்கிறார். சம்பளம் ஒரு லட்சம். வாடகை 22,000, உணவு, மளிகை 18,000, மின்சாரம், எரிவாயு, தொலைபேசி, இணையம் 4,500, போக்குவரத்து 6,000, பள்ளி 8,000, வீட்டுவேலைக்கு 3,500, மருத்துவமும் காப்பீடும் 3,000, இதர செலவு 9,000. மொத்தம் 74,000. ஆண்டுச் சம்பளம் 12 லட்சம் என்பதால் இப்போதைய புதிய வருமான வரி முறையில் வரி இல்லை. மிச்சம் 26,000 ரூபாய். அதில் 6,000 வருங்கால வைப்பு நிதிக்குப் போகிறது எனக் கொண்டால், நிறுவனமும் தன் பங்காக 6,000 போடும். ஆக, குடும்பத்தின் உண்மையான மாத மிச்சம் 32,000 ரூபாய்.

அதே குடும்பம் 6,500 வெள்ளிச் சம்பளத்தில் சிங்கப்பூர் செல்கிறது. வாடகை 2,900, உணவு 1,000, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி, இணையம் 300, பேருந்தும் ரயிலும் 250, பள்ளி 1,000, மருத்துவமும் காப்புறுதியும் 200, ஆண்டுக்கு ஒருமுறை ஊர் வந்து செல்வதற்கான ஒதுக்கீடு 250, வருமான வரிக்கு 260, இதர செலவு 200. மொத்தம் 6,360 வெள்ளி. மிச்சம் 140 வெள்ளி, ரூபாயில் 9,100. நான்கே கால் லட்சம் எனத் தோன்றிய சம்பளம், சென்னையின் ஒரு லட்சத்தைவிடக் குறைவாகவே மிச்சம் வைக்கிறது. இந்தக் குடும்பம் சென்னையில் சேமிப்பதைச் சிங்கப்பூரிலும் சேமிக்க வேண்டுமானால் 6,900 வெள்ளியாவது சம்பளம் வேண்டும். நாணய மாற்றில் அது ஏறத்தாழ நாலரை லட்சம். வாழ்க்கைக் கணக்கில் ஒரு லட்சம்.

மணமாகாத ஒருவர் அதே 6,500 வெள்ளிக்குச் சென்றால் படம் தலைகீழாக மாறுகிறது. ஓர் அறைக்கு 1,100, உணவு 600, தொலைபேசி முதலியவை 100, போக்குவரத்து 120, காப்புறுதி 100, ஊர்ப் பயணம் 60, வரி 260, இதர செலவு 250. மொத்தம் 2,590. மிச்சம் 3,910 வெள்ளி, அதாவது இரண்டு லட்சத்து 54 ஆயிரம் ரூபாய். சென்னையில் ஒரு லட்சம் வாங்குபவர் முழுச் சம்பளத்தையும் சேமித்தாலும் இதை எட்ட முடியாது.

மூன்றாவது கணக்கு நம்மவரில் பலர் தேர்ந்தெடுப்பது. குடும்பத்தலைவர் அங்கே, மனைவி, மக்கள் இங்கே. அவர் இல்லாத சென்னைக் குடும்பத்தின் செலவு 62,000 ரூபாய் எனக் கொள்வோம். அது 954 வெள்ளி. தம் செலவும் போக அவருக்கு மிஞ்சுவது 2,956 வெள்ளி. ரூபாயில் ஒரு லட்சத்து 92 ஆயிரம். பொருளியல் நோக்கில் இதுவே இரு நாடுகளின் நன்மையையும் ஒருங்கே பெறும் வழி: விலை கூடிய நாட்டில் ஈட்டுவது, விலை குறைந்த நாட்டில் செலவிடுவது. குடும்பமாகச் செல்வதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு மாதம் ஒரு லட்சத்து 83 ஆயிரம் ரூபாய். பிள்ளைகள் தந்தையின்றி வளரும் ஆண்டுகளுக்கு இடப்பட்ட விலை அது. அதைக் கொடுப்பதா வேண்டாமா என்பதை எந்தக் குறியீட்டு எண்ணும் சொல்லாது. அந்தக் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரே நாடு, ஒரே சம்பளம். மிச்சமோ 140 வெள்ளி முதல் 3,910 வெள்ளி வரை. ‘சிங்கப்பூரில் செலவு அதிகமா?’ என்று யாரேனும் என்னிடம் கேட்டால், ‘எத்தனை பேர் போகிறீர்கள்?’ என்றே திருப்பிக் கேட்கிறேன்.

எழுதப்படாத வரிகள்

மாதக் கணக்கில் பலர் எழுத மறக்கும் சில வரிகள் உண்டு. முதலாவது முதுமை. சிங்கப்பூரில் 55 வயது வரையுள்ள குடிமகனின் சம்பளத்தில் 20 விழுக்காடும், அதற்குமேல் முதலாளியின் பங்காக 17 விழுக்காடும், ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, மத்திய சேம நிதியில் சேர்கின்றன. வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டவருக்கு இந்த நிதி இல்லை. கையில் முழுச் சம்பளம் வருவது இனிமையாகத் தோன்றினாலும், முதுமைக்கான சேமிப்பை அவரே ஒதுக்கியாக வேண்டும்.

இரண்டாவது வருமான வரி. விகிதம் குறைவு; 6,500 வெள்ளி வாங்குபவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 3,100 வெள்ளி. ஆனால், இந்தியாவைப் போல் மாதந்தோறும் சம்பளத்தில் பிடிக்கப்படுவதில்லை. ஓராண்டு முடிந்தபின் மதிப்பீடு செய்து கேட்கிறார்கள். முதலாண்டு முழுவதும் கைக்கு வந்ததையெல்லாம் செலவிட்டவருக்கு இரண்டாம் ஆண்டில் வரும் அறிவிப்பு பேரிடியாகும்.

மூன்றாவது மருத்துவம். எஸ் பாஸ், வேலை அனுமதிச் சீட்டு உடையவர்களுக்கு முதலாளி மருத்துவக் காப்புறுதி எடுத்தாக வேண்டும் என்பது சட்டம். உயர்நிலைப் பணியாளருக்கான அனுமதியில் செல்வோருக்கு அந்தக் கட்டாயம் இல்லை; நியமன ஒப்பந்தத்தைப் படித்தே தெரிந்துகொள்ள வேண்டும். குடிமக்களுக்கான மருத்துவ மானியமும் இவர்களுக்குக் கிடைக்காது.

நான்காவது, செல்வதற்கே ஆகும் செலவு. இந்தியாவின் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்ற முகவர் ஒருவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய சரக்கு-சேவை வரியும்தான். சிங்கப்பூர்ச் சட்டமும் அங்குள்ள முகவர் தொழிலாளியிடம் வாங்கும் கட்டணத்தை அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளத்துக்குள் நிறுத்துகிறது. இதற்கு மேல் கேட்கப்படும் ஒவ்வொரு ரூபாயும், அதற்காக வாங்கும் கடனின் வட்டியும் மாதக் கணக்கின் முதல் வரியாக எழுதப்பட வேண்டும். குறைந்த சம்பளத்தில் செல்பவருக்கு ஓராண்டின் மிச்சத்தை அந்த ஒரு வரியே விழுங்கிவிடக்கூடும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். தண்ணீர்க் கேன் இல்லை, லாரித் தண்ணீர் இல்லை, மின்வெட்டுக்காக இன்வெர்ட்டர் வாங்கும் தேவையும் இல்லை. பேருந்தும் ரயிலும் ஒரு பயணத்துக்கு ஒரு வெள்ளிச் சொச்சத்தில் தொடங்குவதால், சொந்த வாகனம் இன்றியே வாழலாம். கார் வைத்திருப்பதற்கான பத்தாண்டு உரிமைச் சான்றிதழின் ஏல விலை மட்டும் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியிருக்கிறது என்பதால், அவ்வாறு வாழ்வதே நல்லது. உணவங்காடி நிலையத்தில் நான்கைந்து வெள்ளிக்கு ஒரு வேளை உணவு கிடைக்கும். சென்னையில் நாம் தனித்தனியே காசு கொடுத்து ஈடுசெய்துகொள்ளும் பல குறைகள் அங்கே இல்லை.

தமிழ்நாட்டிலும் மாதக் கணக்கில் தென்படாத வரவுகள் உண்டு. நியாயவிலைக் கடையின் விலையில்லா அரிசி, நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம், வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவச மின்சாரம், 2023 செப்டம்பர் முதல் தகுதியுள்ள மகளிருக்கு வழங்கப்படும் 1,000 ரூபாய் உரிமைத்தொகை ஆகியவை அத்தகையவை. குறைந்த வருமானமுள்ள குடும்பத்துக்கு இவற்றின் மதிப்பு பெரிது. குடும்பம் ஊரிலேயே இருந்தால் இவற்றுள் பலவும் தொடரும். முழுமையாக இடம்பெயர்ந்தால் நின்றுவிடும்.

பட்டியல்களைப் படிக்கும் முறை

உலகின் விலை கூடிய நகரங்கள் எனும் பட்டியல் ஆண்டுதோறும் செய்தியாகிறது. ‘எக்கனாமிஸ்ட்’ குழுமத்தின் ஆய்வுப் பிரிவு 2023இல் சிங்கப்பூருக்கும் சூரிச்சுக்கும் முதலிடத்தைப் பகிர்ந்தளித்தது. சென்னையோ பல ஆண்டுகளில் மிக மலிவான பத்து நகரங்களுள் ஒன்றாக இருந்திருக்கிறது. இப்பட்டியல் பன்னாட்டு நிறுவனங்கள் தம் அதிகாரிகளை வெளிநாடு அனுப்பும்போது படித்தொகையைக் கணக்கிடுவதற்காக உருவானது. காரும் இறக்குமதிப் பொருள்களும் அதன் கூடையில் இடம்பெறும். பேருந்தில் சென்று உணவங்காடியில் உண்பவரின் சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை.

அரசுக் கணக்கெடுப்புகளும் எச்சரிக்கையுடன் படிக்க வேண்டியவையே. இந்தியாவின் 2023-24 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டு நகர்ப்புறத்தில் மாதச் செலவு 8,165 ரூபாய் என்கிறது, இது தலைக்கு. சிங்கப்பூரின் 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு கூறும் 5,931 வெள்ளி ஒரு குடும்பத்துக்கு. இவ்விரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது வீண். தவிரவும், இந்தியக் கணக்கெடுப்பு சொந்த வீட்டில் இருப்போருக்கு வாடகை மதிப்பைச் சேர்ப்பதில்லை. வாடகை கட்டுபவரின் சுமை அந்தச் சராசரிக்குள் கரைந்துவிடுகிறது.

நாணயத்தின் போக்கும் கணக்கில் சேரும். 2015இல் ஒரு வெள்ளி 46, 47 ரூபாய் அளவில் இருந்தது. ரூபாய் சரிந்ததால் ஊருக்கு அனுப்பும் பணம் ரூபாயில் பெருகியது. ஆனால், இதே காலத்தில் இங்கே மனை விலையும் கல்விச் செலவும் மருத்துவச் செலவும் ஏறின. பத்தாண்டுக்குப் பின் திரும்பி வந்து வீடு வாங்க எண்ணுபவர், இன்றைய விலையை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாறுவார்.

கணக்குப் போடும் ஒழுங்கு

இவற்றையெல்லாம் தொகுத்தால் முறை எளிதுதான். இரண்டு தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ரூபாய் மட்டும், மற்றொன்றில் வெள்ளி மட்டும். இங்குள்ள வரவையும் செலவையும் ரூபாயிலேயே எழுதுங்கள்; அங்குள்ளவற்றை வெள்ளியிலேயே எழுதுங்கள். எவர் எவர் எங்கே வாழ்வார்கள், என்ன அனுமதியில் வாழ்வார்கள் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு எழுதுங்கள். முகவர் கட்டணம், கடன் வட்டி, வரி, முதுமைச் சேமிப்பு, ஊர்ப் பயணம் ஆகிய ஐந்து வரிகளும் விடுபடாமல் இருக்கட்டும். ஒவ்வொரு தாளின் அடியிலும் மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். அங்கே செலவாகும் வெள்ளி அங்கேயே தீர்ந்துவிடும். அது ஒருநாளும் ரூபாயாக மாறப்போவதில்லை. மிஞ்சுவது மட்டுமே மாறும். ஆகவே அதை மட்டும் 65ஆல் பெருக்குங்கள்.

அந்த எண்ணை இங்குள்ள மிச்சத்தோடு ஒப்பிட்டபின் எஞ்சும் வேறுபாடு பெரிதாக இருந்தால், பயணம் பொருளியல் நோக்கில் தகுதியானது. சிறிதாக இருந்தால், பணத்தைத் தவிர வேறு காரணம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பணி அனுபவம், பிள்ளைகளின் எதிர்காலம், தூய்மையான நகரில் வாழும் நிம்மதி ஆகியவை நல்ல காரணங்களே. அவற்றுக்காகச் செல்வோர், அவற்றுக்காகவே செல்கிறோம் என்று தெரிந்து செல்லட்டும். நான்கே கால் லட்சம் என்னும் எண்ணைக் காட்டி எவரேனும் கையொப்பம் கேட்டால், இரண்டு தாள்களையும் முடிக்கும்வரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.